மைன்கிராஃப்டில் முட்டம் கடற்கரை: பாறை ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

கேள்வி: 2025 ஜூன் 7, இரவு 9:40

அண்ணா, மைன்கிராஃப்ட் விளையாட்டில் பிளாக் பிளாக்காக அடுக்கி மூன்று வாரமாக ஒரு மலையும் அதன் அடியில் ஒரு கடற்கரையும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இயற்கை என்றால் ஒழுங்கு இருக்காதுதானே? அதனால் எல்லாவற்றையும் ரேண்டமாகவே போட்டேன். பாறை, மரம், கல்லின் நிறம் எல்லாமே ரேண்டம். இருந்தும் பார்க்கிறவர்கள் எல்லாரும் "செட்டு போட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள். இன்னும் ரேண்டம் ஆக்க வேண்டுமா? ஒரே கட்டளையில் நிறையப் பிளாக்கை மாற்றும் வேர்ல்டு எடிட் கருவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 7, இரவு 11:15

ரேண்டத்தைக் குறையுங்கள் தம்பி.

படங்களைப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் கரை முழுக்க ஒரே இடைவெளியில் பாறை கிடக்கிறது, மலை முழுக்க ஒரே அடர்த்தியில் மரம் நிற்கிறது. விதைநெல்லை அள்ளி வீசினால் வயலெங்கும் சமமாக விழுமே, அந்த மாதிரி. நம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பாறைகள் ஒரு இடத்தில் குடும்பமாகக் கிடக்கும், அப்புறம் நூறு அடிக்கு வெறும் மணல்தான். ஏன் இங்கே கிடக்கிறது, ஏன் அங்கே இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கட்டினால் பாறை தானாக வந்து சேரும்.

ஜூன் 8, காலை 6:30

நேற்று அவசரத்தில் எழுதினேன். இன்று விரிவாக.

நான் முட்டத்தை முதலில் கட்டியது 2022-ல். 2021 நவம்பர் கடைசியில் வந்த மைன்கிராஃப்ட் 1.18 பதிப்பில் உலகின் உயரம் கூடியிருந்தது. கீழே மைனஸ் 64, மேலே 320 பிளாக். ஒரு பிளாக் ஒரு மீட்டர். அந்த உற்சாகத்தில் கலங்கரை விளக்கம் நிற்கும் குன்று, அதன் அடியில் பாறைக் கூட்டம், பக்கத்தில் மணல் என்று ஒரே மாதத்தில் முடித்தேன். முதலில் மணலைப் பரப்பினேன். தனியாகப் பத்துப் பன்னிரண்டு பாறை செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி ஒட்டினேன். படம் எடுத்துப் பார்த்தால் மேசைமேல் உருளைக்கிழங்கை வைத்த மாதிரி இருந்தது. நிறத்தை மாற்றினேன், அளவை மாற்றினேன், பாசி போட்டேன். ஒன்றும் சரியாகவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு விடியலில் அங்கே போனேன். ஒரே ஒரு பாறையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஆள் உயரம், ஆட்டோ அகலம். கடல் பக்கம் அடியில் மணல் அரித்து ஒரு குழி, அதில் முழங்கால் அளவு தண்ணீர். கரைப் பக்கமோ அதே மணல் பாறையின் முதுகில் ஏறி, வால் போல நீண்டு மெலிந்து போகிறது. இடுப்பளவு வரை கறுப்பு, பாசி, கை வைத்தால் கீறுகிற சின்னச் சிப்பிகள். அதற்கு மேலே வெளுத்த பழுப்பு. நடுவில் ஒரு வெடிப்பு சாய்வாக இறங்குகிறது. அடுத்ததை மகள்தான் காட்டினாள். எட்டடி தள்ளிக் கிடந்த பாறையிலும் அதே சாய்வில் ஒரு வெடிப்பு. அதற்கு அடுத்ததிலும். மூன்றும் ஒரே பாறை. இடையில் இருந்ததைக் கடல் தின்றிருக்கிறது, மிச்சத்தை மணல் மூடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கரை முழுவதையும் அழித்தேன். மணலே இல்லாமல் ஒரே பெரிய பாறைத் திட்டாக எழுப்பி, கடலுக்குள்ளும் நீட்டினேன். ஒரே சாய்வில் ஆறேழு வெடிப்பு வெட்டினேன். வெடிப்புகளை அங்கங்கே அகலப்படுத்தி, முனைகளை உருட்டினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் மணலைக் கொட்டினேன். வெளியே தெரிந்த பாறைகள் முட்டத்தில் கிடக்கிற மாதிரியே கிடந்தன. ஒரு பாறையைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

ஜூன் 8, இரவு 10:05

நிறம் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். நம் மாவட்டத்தில் அதிகம் கிடைப்பது சார்னோக்கைட் வகைப் பாறை. என் அப்பா கல்வேலை பார்த்தவர், சின்ன வயதில் பாறை உடைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உடைத்த முகம் பச்சை கலந்த கருமை, எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம். வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பு. மைன்கிராஃப்டில் அந்தப் பச்சைக் கருமைக்கு டஃப் பிளாக் நன்றாகப் பொருந்துகிறது. வெடிப்புக்குள்ளேயும் புதிதாகச் சரிந்த இடத்திலும் டஃப், வெளிமுகத்தில் ஆண்டசைட்டும் சாதாரணக் கல்லும். ஐந்து வகைக் கல்லைச் சதவீதம் போட்டுக் கலக்கிவிடாதீர்கள். தம்பியின் மலையில் அதுதான் நடந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ரவை தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஜூன் 11

மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலை எப்படிக் காட்டுவது என்ற கேள்வியில் நான் ஒரு வாரம் சிக்கிக் கிடந்திருக்கிறேன், அதனால் முழுவதும் சொல்கிறேன்.

மணல் மாதிரி விழுகிற கறுப்பு நிறப் பிளாக் வேண்டும் என்று கறுப்பு கான்கிரீட் பவுடரை எடுத்தேன். அலை வந்து தொடும் கோட்டில் அழகாக வரி வரியாகப் போட்டேன். தண்ணீர் பட்டதும் அத்தனையும் கெட்டியான கான்கிரீட் ஆகிவிட்டது. அந்தப் பிளாக்கின் குணமே அதுதான். கரையில் தார் ஊற்றிய மாதிரி நின்றது. அதைத் தோண்டி எடுத்து, தண்ணீரைத் தள்ளி வைத்து, மறுபடி போட்டு, மறுபடி கெட்டியாகி, இப்படியே போனது.

பிறகு மணவாளக்குறிச்சிக்கே போய்ப் பார்த்தேன். கறுப்பு வரி அலை தொடும் கோட்டில் இல்லவே இல்லை. அலை ஏறி ஓய்ந்து திரும்புகிற உச்சியில், மேட்டின் விளிம்பில் இருந்தது. யோசித்தால் அப்படித்தான் இருக்க முடியும். வெள்ளை மணலில் உள்ள குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. கறுப்பான இல்மனைட் 4.7 மடங்குக்குப் பக்கம். சிவப்பான கார்னெட் 4-ஐ ஒட்டி. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது வேகம் குறைவு, லேசானதை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் மேல் விளிம்பில் கறுப்பு, அதை ஒட்டி இளஞ்சிவப்பு, கீழே வெள்ளை.

வரியை நான்கைந்து பிளாக் மேலே ஏற்றினேன். தண்ணீர் தொடவே இல்லை, பவுடர் பவுடராகவே நின்றது. சிவப்புக்குச் சிவப்பு மணல் பிளாக் கொஞ்சம் கலந்தேன். ஒரு வாரம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியது வரியைத் தப்பான இடத்தில் போட்டதால்தான்.

ஜூன் 12

தம்பிக்கு ஒரு கணக்கு. காய்ந்த மணல் 33, 34 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்காது, சரிந்துவிடும். பிளாக் கணக்கில் மூன்று தள்ளி இரண்டு ஏற்றம். உங்கள் மணல்மேடு ஒன்றுக்கு ஒன்று ஏறுகிறது, அதாவது 45 பாகை. படிக்கட்டு மாதிரித் தெரிவதற்கு அதுதான் காரணம். மணல் பிளாக் விழும், ஆனால் பக்கவாட்டில் சரியாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 15

ஒருவர் நியாயமாகவே மறுத்திருக்கிறார். "மைன்கிராஃப்ட் மலைகளே நாய்ஸ் வைத்துத்தான் பிறக்கின்றன, நீங்கள் ரேண்டம் வேண்டாம் என்கிறீர்கள்" என்று.

சரிதான், என் முதல் பதிலைத் திருத்த வேண்டும். நாய்ஸ் என்பது மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் கணினி முறை. கணினி விஞ்ஞானி கென் பெர்லின் 1985-ல் கட்டுரையாக வெளியிட்ட முறையிலிருந்துதான் இந்தத் துறையே வளர்ந்தது. 1997-ல் அதற்காக அவருக்குத் தொழில்நுட்பப் பிரிவில் அகாடமி விருதும் கொடுத்தார்கள். ஆனால் பெர்லின் நாய்ஸ் தாயக்கட்டை உருட்டுவது போன்றது கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பெரிய மேடு பள்ளம் ஒரு அடுக்கு, அதன்மேல் பாதி அளவில் இன்னொரு அடுக்கு, அதன்மேல் இன்னும் சின்னது. இப்படி அடுக்குவதால்தான் மலை போலத் தெரிகிறது. தம்பி செய்தது ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாக உருட்டுவது. எனவே "ரேண்டத்தைக் குறையுங்கள்" என்பதை "தனித்தனி ரேண்டத்தை விடுங்கள்" என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாய்ஸிடம் ஒரு குறை இருக்கிறது. தண்ணீர் கீழே ஓடும் என்பது அதற்குத் தெரியாது. நாலாபக்கமும் மூடிய குழிகளை அது சர்வசாதாரணமாக உண்டாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படி ஒரு குழி இருந்தால் ஒரு ஐப்பசி மழையில் நிரம்பி, தாழ்ந்த ஓரத்தை உடைத்துக்கொண்டு ஓடையாகிவிடும். நாய்ஸில் மலையை எழுப்பிய பிறகு நான் செய்வது இதுதான்: உச்சியில் நின்று, தண்ணீராக இருந்தால் எங்கே போவேன் என்று நடந்தே இறங்குவேன். குழியில் மாட்டினால் தாழ்ந்த ஓரத்தை வெட்டுவேன். கடல் வரை தடையில்லாமல் வந்து சேர்ந்தால் ஒரு ஓடை முடிந்தது. அப்படிப் பத்து ஓடை. கீழே வர வர இரண்டிரண்டாகச் சேரும், அகலம் கூடும். கிளை சேர்வதுதான் வழக்கம், கீழே வந்து பிரியும் ஓடையைக் கழிமுகத்தில்தான் பார்க்கலாம்.

மலையை மறுபடி கட்ட வேண்டாம் தம்பி. நடந்து இறங்குங்கள்.

ஜூன் 16

வேர்ல்டு எடிட்டில் மேடுபள்ளத்தை மழுக்கும் ஸ்மூத் பிரஷ் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு. மூன்றாவது தடவை மலை மெழுகாக உருகும்.

ஜூன் 21

"எதற்கு இவ்வளவு கஷ்டம், செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிப் போட்டால் மருந்துவாழ் மலை அப்படியே வந்துவிடுமே" என்று கேட்டவருக்கு.

செய்து பார்த்திருக்கிறேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ராடாரில் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மைன்கிராஃப்ட் நிலத்தை வரையும் வேர்ல்டு பெயிண்டர் மென்பொருளில் இறக்கவும் செய்யலாம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட். 22 சென்ட் நிலத்துக்கு ஒரே ஒரு உயரம்! இரண்டு வீடும் ஒரு கிணறும் பத்துத் தென்னையும் நிற்கிற இடம் அது. மலையின் வெளிக்கோடு அச்சு அசலாக வந்தது, கன்னியாகுமரி சாலையிலிருந்து பார்க்கிற அதே வடிவம். அருகே போனால் துணி போர்த்திய மாதிரி வழவழப்பு. பாறை இல்லை, இடுக்கு இல்லை, சரிந்த கல் இல்லை.

இன்னொன்று, உயரத் தரவைப் படமாகச் சேமிக்கும்போது 8 பிட்டில் சேமிக்காதீர்கள். அதில் 256 படிகள்தான் உண்டு. பெரிய உயரத்துக்கு இழுத்தால் மலையெங்கும் படிக்கட்டு விழும். 16 பிட்டில் 65,536 படிகள்.

தரவு மலையின் எலும்பைத் தரும். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். சதை போடுவதற்கு மலையேறிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஜூன் 22

இப்போதுதான் கவனித்தேன். 12-ம் தேதி சொன்ன 33 பாகைக் கணக்கு முட்டத்திலேயே பொய்க்கிறது. கடற்கரைக்குப் பின்னால் சிவந்த தேரி மண் இருக்கிறதே, அங்கே மழைத்தண்ணீர் அறுத்த ஓடைகளின் சுவர் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கிறது. அது வெறும் மணல் கிடையாது, இரும்பும் களிமண்ணும் பிடித்து இறுகிய மண். அதனால் அறுத்த இடத்தில் சுவராக நிற்கும், அடியில் விழுந்து கிடக்கும் உதிரிதான் 33 பாகையில் சாயும். மேலே செங்குத்து, கீழே சாய்வு. இரண்டும் ஒரே ஓடையில் சேர்ந்து வந்தால்தான் தேரி தேரியாகத் தெரியும். முன்பு சொன்னதைக் காய்ந்த உதிரி மணலுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 29

அருவி. திற்பரப்பைக் கட்ட முயன்று பாதியில் விட்டதாக ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். விளிம்பில் தண்ணீர் வரிசை வைத்தால் திரைச்சீலை தொங்குகிறது என்கிறார்.

திற்பரப்பில் தண்ணீர் விழுவது ஏறத்தாழ 50 அடி. பிளாக்கில் பதினைந்து. ஆனால் பார்க்க வேண்டியது மேலே. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் அளவுக்குக் கோதையாற்றின் படுகையே ஒரே பாறை. தண்ணீர் அந்தப் பாறையின் பள்ளங்களைத் தேடித் தேடி வருவதால், விளிம்புக்கு வரும்போதே பல கிளையாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கிளை தடித்தது, ஒன்று நூல், ஒன்று பாறை முகத்தில் மோதி இரண்டாகிறது. நடுவே நனைந்த பாறை மட்டும் மினுங்குகிற இடங்களும் உண்டு. அருவியை மறந்துவிட்டு மேல்படுகையை முதலில் செய்யுங்கள். பாறைத் தளத்தில் நான்கைந்து வாய்க்கால், ஆழம் வேறுவேறு. அவை விளிம்பைத் தொடும் இடத்தில் மட்டும் தண்ணீர் இறங்கட்டும். கீழே குளம் இல்லாமல் விடாதீர்கள். சமதரையில் விழுந்த தண்ணீர் ஏழு பிளாக் வரை பரவி நின்றுவிடும், பார்க்க நன்றாக இருக்காது.

ஜூலை 6

ஆற்றின் வளைவுக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். 115 அடி உயரத்திலிருந்து பறளியாற்றைக் குனிந்து பார்க்கலாம். நம் விளையாட்டில் பறந்துகொண்டே பார்க்கிற அதே கோணம். வளைவின் வெளிக்கரையைத் தண்ணீர் அரிப்பதால் அது செங்குத்தாக, ஆழமாக இருக்கும். உள்கரையில் மணல் படிந்து ஆழம் குறையும். பொதுவாக ஒரு முழு வளைவு ஆற்றின் அகலத்தைப்போலப் பத்து முதல் பதினான்கு மடங்கு நீளம். எட்டு பிளாக் அகல ஆற்றுக்கு நூறு பிளாக்குக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. தம்பியின் ஆறு இருபது பிளாக்குக்கு ஒருமுறை வளைகிறது, அதனால்தான் பாம்பு மாதிரி நெளிகிறது.

ஜூலை 13

குளத்தை இங்கே பேசலாமா, அது மனிதர் வெட்டியதுதானே என்று ஒருவர் கேட்கிறார். நாஞ்சில் நாட்டில் அந்தக் கோட்டைப் போடுவது கஷ்டம். தேரூர் குளத்துக்கு வரும் பறவைகளிடம் கேட்டால் அது இயற்கை என்றுதான் சொல்லும்.

எல்லாரும் குளத்தை வட்டமாகத் தோண்டிவிடுகிறார்கள். நம் குளம் தோண்டியது குறைவு, அணைத்தது அதிகம். சரிவின் கீழ்ப்பக்கம் உயர்ந்த ஒரு கரை, அதன்மேல் பனையோ சாலையோ. மடை அந்தக் கரையில்தான், அதற்குக் கீழே வயல். மேல்பக்கம் கரையே கிடையாது. தண்ணீர் தரையோடு தரையாக மெலிந்து, கோரையும் தாமரையும் சேறுமாக முடியும். எங்கே தண்ணீர் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒரு ஓரத்தில், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மறுகால். இவ்வளவும் இருந்தால் பெயர்ப்பலகை இல்லாமலே ஊர்க்காரன் அது எந்தப் பக்கத்துக் குளம் என்று கண்டுபிடித்துவிடுவான்.

காசு கொடுத்து மைன்கிராஃப்ட் வாங்க வழியில்லை என்று எழுதிய மாணவருக்கு: லுவான்டி இலவசம், 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதற்கும் வேர்ல்டு எடிட் உண்டு. இங்கே பேசியது எல்லாம் அதிலும் நடக்கும்.

ஜூலை 20

மரம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இந்த மாதங்களில் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும், முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். அந்த வெட்டவெளியில் காற்றுக்கு எதிரே நிற்கும் மரத்தின் கிளைகள் கிழக்கே வாரிவிட்ட மாதிரி இருக்கும். கட்டும்போது முதலில் காற்றுக்கு ஒரு திசை முடிவு செய்யுங்கள். மரத்தின் சாய்வும் மணல்மேட்டின் வாலும் அதற்குக் கீழ்ப்படியட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று படும்.

ஆகஸ்ட் 2

தம்பி புதுப்படம் போட்டிருக்கிறார். மலையிலிருந்து மூன்று ஓடை இறங்கி ஒன்றாகி, கடலுக்குப் போகும் முன் மணல்திட்டில் முட்டித் தேங்கி நிற்கிறது. மணக்குடியில் பழையாறு கோடையில் நிற்கிற மாதிரியே. ஆற்றின் வாயை மணல் அடைக்கும் அந்த இடத்தைப் பொழி என்போம். பொழி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே பொழி வந்திருக்கிறது. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரே ஒரு திருத்தம். திட்டின் கடல்பக்கம் கொஞ்சம் செங்குத்து, காயல்பக்கம் சப்பை. நீங்கள் இரண்டையும் சமமாக வைத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் பொழி உடையும் இடம் திட்டின் மெலிந்த, தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இன்று மறுபடி முட்டம் போனோம், 2022-ல் பார்த்த அதே பாறையிடம். கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. ஆள் உயரம் என்று எழுதியிருந்தேனே, இப்போது எட்டடிக்கு மேல் நிற்கிறது. கரைப்பக்கம் வால் மாதிரி இருந்த மணலைக் காணோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஆனி ஆடியில கடல் மண்ண எடுத்துட்டுப் போவும் மக்கா, பிறகு அதுவே கொண்டு வந்து போடும். பாறைதான் இங்க குடியிருக்கு" என்றார்.

அப்படியானால் ஜூன் 8-ல் நான் விவரித்தது ஒரு பருவத்துப் பாறை மட்டும். மணலுக்கு அடியிலும் பாறையைக் கட்டுங்கள் என்று சொன்னவன், அந்த அடிப்பகுதி எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாது என்று ஒரே டஃப்பாக நிரப்பி வைத்திருக்கிறேன். மகள் குனிந்து தடவிப் பார்த்தாள். புதிதாக வெளியே வந்த இரண்டடி வழவழவென்று வெளுத்திருக்கிறது. பாசி இல்லை, சிப்பி இல்லை, மணல் தேய்த்த தடம். அதற்கு மேலேதான் கறுப்புப் பட்டை தொடங்குகிறது.

இன்றிரவு மணலை இரண்டு பிளாக் இறக்கப் போகிறேன். கறுப்புப் பட்டை அதே உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே ஆண்டசைட்டை எடுத்துவிட்டு, மெருகிட்ட ஆண்டசைட் ஒரு வரிசை. பார்த்துவிட்டு நாளை படம் போடுகிறேன்.